ஐந்தரைக் கட்டையும் அமெரிக்கக் கிழவியும்

என் மகள் பாடும்போது எனக்கு வயிறு எரியும். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். எரிந்தது உண்மை, அதை நெஞ்சு குளிர்ந்தது என்று மாற்றி எழுத எனக்கு வராது.

நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலையும் கூடவே கிடைத்தது. வந்த வருஷமே மார்கழி பஜனையில் முன்பாட்டுப் பாட என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பஜனை கோயிலுக்குள் உட்கார்ந்து பாடுகிற பஜனை கிடையாது. விடிவதற்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் இருந்து புறப்பட்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்து வாசலாகப் போவோம். ஆர்மோனியத்தைத் தோளில் வார் போட்டு மாட்டிக்கொண்டு ஒருவர், மிருதங்கத்தோடு ஒருவர், பின்னால் கம்பளியும் தொப்பியுமாக ஆண்களும் பெண்களும். முன்பாட்டுக்காரி ஓர் அடி பாடினால் மற்றவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். சில வாசலில் கற்பூரம் காட்டுவார்கள், சில வாசலில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கிடைக்கும். பெரும்பாலானவர்கள் கதவையே திறக்க மாட்டார்கள். படுத்தபடி கேட்பார்கள். அந்தக் குளிரில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

முதல் நாள் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன், "எத்தனை கட்டை டீச்சர்?" என்று கேட்டார். கட்டை என்பது சுருதியின் அளவு. எண் கூடக் கூடக் குரல் மேலே ஏற வேண்டும். "அஞ்சரை" என்றேன். அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் இந்தத் தோட்டத்தில் ஐந்தரைக் கட்டை டீச்சர். கல்யாண வீட்டில், கடையில், பதுளை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என்று எங்கு பார்த்தாலும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் வேண்டாம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

அந்தத் தொண்டையைத் தின்றது பள்ளிக்கூடம். தகரக் கூரை, ஒரே மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு கரும்பலகைதான் சுவர். மழை பெய்தால் நான் கத்த வேண்டும், பக்கத்து வகுப்பு கத்தினால் அதைவிட நான் கத்த வேண்டும். எங்கள் ஊவா மலைப் பக்கத்தில் மழைக்கா பஞ்சம்? நாற்பதைத் தாண்டியதும் மேல் அடிகளில் குரல் கரகரத்தது. பிறகு உடைந்தது. பதுளையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். கத்தக் கூடாது என்றார். டீச்சராக இருந்துகொண்டு கத்தாமல் இருப்பது எப்படி என்பதை அவர் சொல்லித் தரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் வளர்ந்து நின்றாள். பஜனையில் என் தோளுக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்தாள். மேல் அடி வரும்போது என் குரல் தடுமாறினால் அவள் சட்டென்று எடுத்துக்கொள்வாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். அவ்வளவு சுத்தமாகச் செய்தாள்.

மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "டீச்சர், ஒங்க குரலு பழையபடி திரும்பிருச்சே! படுத்துக்கிட்டே கேட்டேன், அப்படியே புல்லரிச்சுப் போச்சு" என்றாள்.

"அது நான் இல்ல. மக பாடுனா."

"ஆத்தாடி, ரெண்டும் ஒன்னுதானே டீச்சர்!"

அவளைத் தப்புச் சொல்ல முடியாது. பனி மூட்டத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவர்களுக்கு முகம் எங்கே தெரியும்? குரல்தான் தெரியும். அந்த மார்கழி முழுக்க ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். என் குரல் தோட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது, என்னிடம்தான் இல்லை. ஒவ்வொரு தடவையும் "மக பாடுனா, மக பாடுனா" என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது. என் புருஷனிடம் சொல்லி அழுதேன். அவர் வெலிமடையில் இருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். "ஒன் மகதான பாடுறா, பக்கத்து வீட்டு மகளா?" என்று கேட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சலே என்பது அவருக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு மகளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

அந்தக் கிழவியை நான் கண்டுபிடித்தது போன வருஷம். கண்டுபிடித்தது என்பதும் பெரிய பேச்சு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் காதில் விழுந்தாள்.

எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். என் மகளுக்கு அங்கே வரவேற்பு மேசையில் வேலை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல மழை. அவளோடு சேர்ந்து பங்களா ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பின்பக்க விறாந்தையில் போய் நின்றேன். குசினியில் கேக் வேகும் வாசம். முன் ஹாலில் இருந்து ஒரு பாட்டு வந்தது. இங்கிலீஷ் பாட்டு, ஒரு பியானோ, ஒரு பொம்பளைக் குரல்.

முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். குரல் அவ்வளவு கீழே இருந்தது. அடிக்கு அடி மூச்சு வாங்குவது கேட்டது. எங்கள் பஜனையில் குரல் முன்னால் போகும், வாத்தியம் பின்னால் ஓடி வரும். இவள் பின்னால் வந்தாள். பியானோ முன்னால் போய் நின்று காத்திருந்தது. கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கடைசியாகப் படி இறங்கி வருகிற பொம்பளை மாதிரி, எவ்வளவு அவசரம் காட்டினாலும் என் நேரத்துக்குத்தான் வருவேன் என்று வந்தாள்.

பிறகு மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. எந்தப் பாஷைப் பாட்டானாலும் அந்த இடம் பாடுகிறவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது உடையப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏறவில்லை. கீழேயே நின்றுகொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போல அந்த வார்த்தைகளைச் சொன்னாள். ஏறுகிற வேலையைப் பியானோவிடம் விட்டுவிட்டாள். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. மழைச் சாரல் என்று குசினிக்காரரிடம் சொன்னேன்.

"யாருடி அது?" என்று வந்ததும் வராததுமாக மகளைக் கேட்டேன்.

"அதுவாம்மா? ஜாஸ். கெஸ்ட்டுங்களுக்குப் போடுறது. எல்லாம் பழைய பாட்டுங்க, பாடாத ஆளே இல்ல. இவங்க கடைசி காலத்துல அதையெல்லாம் மறுபடி பாடியிருக்காங்க" என்றாள். போனில் படத்தைக் காட்டினாள். கறுப்பினத்து அமெரிக்கப் பெண், ஒட்ட வெட்டிய நரை முடி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். செத்து ரொம்ப வருஷமாகிவிட்டதாம்.

அன்று இரவே அந்தப் பாட்டுகளை என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். அதற்குப் பிறகு என் வீட்டில் கிழவிதான். சோறு வடிக்கும்போது கிழவி, கொப்பி திருத்தும்போது கிழவி, பஸ்ஸில் காதில் கிழவி. "யாருக்கு இப்படி மூச்சு முட்டுது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலயா?" என்று என் புருஷன் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் அந்தப் பாட்டுகளில் வார்த்தைகள் எளியவை. போனவனை நினைக்கிறவள், வராதவனுக்குக் காத்திருக்கிறவள், காதலித்த கிறுக்கை நினைத்துச் சிரிக்கிறவள். எங்கள் அம்மன் பாட்டுகளைப் போலவே, யார் யாரோ பாடி எல்லாருக்கும் சொந்தமாகிப்போன பாட்டுகள். புதிதாக ஒன்றும் இல்லாத பாட்டை இவள் நேற்றுத்தான் தனக்கு நடந்தது போலப் பாடினாள்.

எனக்கு அவள் மேலும் பொறாமைதான். அவளுக்காகக் காத்து நிற்க ஒரு பியானோக்காரர் இருந்தார். மூச்சு வாங்கினால் அந்த மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்ய ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவளுடைய தோளுக்குப் பின்னால் மகள் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது, கிழவியின் பாட்டு முடிந்து போன் தன்பாட்டில் அடுத்த பாட்டுக்குப் போனது. அதே பாட்டு, வேறு குரல். தண்ணீரில் கழுவி எடுத்தது போலத் தெளிவாக, மேலே ஏற வேண்டிய இடத்தில் துள்ளி ஏறி அங்கேயே கொஞ்சம் விளையாடிவிட்டு இறங்கிய குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். என் வீட்டில் தினமும் கேட்கிற குரல் அது. என் மகளைப் போல ஒருத்தி எல்லா நாட்டிலும் இருப்பாள் போல என்று எரிச்சலோடு கையைத் துடைத்துக்கொண்டு யாரென்று பார்த்தேன். கிழவியின் பெயர் இருந்தது. படத்தில் மட்டும் ஒரு சின்னப் பெண், பூப்போட்ட சட்டை, பல் தெரியச் சிரிப்பு.

ஏமாற்றிவிட்டாள் என்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் அவள் என்னைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் முதலில் இது இருந்திருக்கிறது. இருந்து, போயிருக்கிறது. கொஞ்ச நேரம் போனதும்தான், என்னிடமும் அப்படித்தானே இருந்து போனது என்று நினைவு வந்தது. அது கோபத்தைக் குறைக்கவில்லை.

மகள் குளித்துவிட்டு வந்தவள் நின்று கேட்டாள். "இதுதாம்மா எனக்குப் புடிக்கும். நீங்க எப்பவும் கேக்குறது கொரலு போனதுக்கப்புறம் பாடுனது."

"கொரலு போனா வாய மூடிக்கிட்டு மூலையில குந்தணுமா?"

"நான் அவங்களச் சொன்னேன்."

"நீ யாரச் சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"அம்மா, நீங்க ஏன் எதுக்கெடுத்தாலும் இப்படி எரிஞ்சு விழுறீங்க?"

நான் லீக்ஸைப் பொடிப் பொடியாக அரிந்தேன். அன்றைய கறி கூழாகிப்போனது.

உலகத்துக்கு அந்தப் பாட்டுக்காரியை இளமையில்தான் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பிறகு கிழவியைக் கேட்டால் யாருக்கும் ஐயோ பாவம் என்றுதான் தோன்றும். நான் பின்பக்க விறாந்தை வழியாகப் போனவள், எனக்குக் கிழவிதான் முதல். அதனால் அந்தச் சின்னப் பெண் பாடியது, பாட்டு இன்னும் தனக்கு நடக்காதவள் பாடுவது போல இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. அவள் அருமையாகப் பாடினாள். மட்டமாகப் பாடியிருந்தால் நான் எதற்கு எரியப் போகிறேன்?

வீம்புக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கிழவியின் பாட்டைக் கூடவே முனகிவிட்டு அதே வாயோடு சின்னவளின் பாட்டுக்குப் போனால் எனக்கு எட்டவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. கிழவி சுருதியைக் கீழே இறக்கியிருந்தாள். கொஞ்சமாக இல்லை, நன்றாகவே இறக்கியிருந்தாள். ஒரு வரவேற்பறையில் நாற்காலியை இழுத்துத் தனக்கு வசதியான இடத்தில் போடுவது போல இறக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் ஏன் இறக்கவில்லை? தொண்டை உடைந்தாலும் பரவாயில்லை என்று ஐந்தரையில்தானே நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் முன்னால் நாலு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த எண்தானே என் பெயர்.

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் கோயில் தலைவர் ஆர்மோனியக்கார அண்ணனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மரியாதை பலமாக இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"டீச்சர், இந்த வருஷம் பாப்பா முன்பாட்டு பாடட்டுமே. நீங்க எத்தனை வருஷமா கஷ்டப்பட்டுட்டீங்க. பக்கத்துல நின்னா போதும்."

"அதுக்கென்ன, தாராளமா பாடட்டும்" என்றேன். தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன் என்று அவர்கள் போன பிறகு தெரிந்தது. மறந்துதான் போனேன், வேண்டும் என்று செய்யவில்லை.

மகள் என் பின்னாலேயே குசினிக்கு வந்தாள். "ஒங்களுக்கு மனசில்லேன்னா நான் பாடல அம்மா." அவள் நல்ல பெண். அந்த நல்ல குணத்தையும் என்னால் தாங்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கிறவளுக்கு முன்னால் பொறாமைக்காரி இன்னும் அசிங்கமாகத் தெரிவாள். "போடி, எனக்கு என்ன" என்றேன். எனக்கு என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பின்பாட்டுக்குப் போன டீச்சரை யாரும் மறுபடி முன்னால் கூப்பிடப் போவதில்லை. இந்த மார்கழியோடு என் பாட்டு முடிகிறது. சாகிற வரைக்கும் அவள் பாடிய அடியைத் திருப்பிப் பாடிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மார்கழி பிறந்தது. மகள் முன்னால் நடந்தாள், ஐந்தரையில். பனியைக் கிழித்துக்கொண்டு போனது குரல். லயத்துக் கதவுகள் திறந்தன. வழக்கமாகத் திறக்காத கதவுகளும் திறந்தன. நான் கம்பளியால் வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் மட்டும் எங்கள் அம்மன் பாட்டைக் கிழவி இறக்கிக் காட்டிய சுருதியில் வைத்துப் பாடிப் பார்த்தேன். முதலில் அடுத்தவர் செருப்பைப் போட்டது போல இருந்தது. பிறகு கால் பழகிவிட்டது. மேல் அடியில் ஏறாமல், அம்மனிடம் நேரில் கேட்பது போலக் கேட்டேன். இத்தனை வருஷம் பாடிய பாட்டில் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு விடியல். கீழ் லயத்து வாசலில் நின்றோம். என் புருஷனும் அன்று லொறிக்குப் போகாமல் வந்திருந்தார். மகள் ஒரு பாட்டை முடித்தாள். ஆர்மோனிய அண்ணன் தோள் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அடுத்தது நான் பாடுறேன். மூனு கட்டை."

"மூனா? டீச்சர், அது ரொம்பக் கீழயில்ல போகும்?"

"மூனுதான். வாசிங்க."

மகள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். மேல் அடியில் நான் தடுமாறினால் பிடிக்கத் தயாராக அவள் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பாடினேன். தாளத்துக்கு முன்னால் ஓடாமல் கொஞ்சம் பிந்தி வந்தேன். மிருதங்கக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பிறகு பழகிக்கொண்டார். என் குரல் எனக்கே கரடுமுரடாகத்தான் கேட்டது, ஆனால் எங்கேயும் உடையவில்லை. முதல் அடி முடிந்து பின்பாட்டு வந்தபோது நான் திடுக்கிட்டேன். ஆண்கள் பாடினார்கள். இத்தனை வருஷம் ஐந்தரையில் எட்ட முடியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தவர்கள், தங்கள் குரலில் பாடினார்கள். என் புருஷன் பாடுவார் என்பதையே அன்றுதான் கேட்டேன். ஏற வேண்டிய இடத்தில் நான் ஏறவில்லை. அம்மனைக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

ஒரு கதவு திறந்தது. கையில் விளக்கோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "யாரு அது, வெளியாளா? பதுளையில இருந்து கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"நம்ம டீச்சர்தான்" என்றார் ஆர்மோனிய அண்ணன். அவள் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என் மகள் பாடவில்லை. முதல் அடியைத் திருப்பிப் பாடப் பார்த்தாள். கீழே இறங்கும் இடத்தில் அவளுக்குச் சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மறுபடி மேலே எடுத்துப் பாடிப் பார்த்தாள். அது மட்டும் தனியாக நின்றது. வாயை மூடிக்கொண்டாள். அதை எல்லாம் நான் பாடிக்கொண்டே கவனித்தேன். பாட்டில் கவனம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, இதிலும் இருந்தது.

கோயிலுக்குத் திரும்பி ஏறும்போது விடிந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் பேசிக்கொண்டு போனார்கள். அவள் சால்வையைத் தலையோடு போட்டுக்கொண்டு தனியாக வந்தாள்.

"என்னடி?"

"ஒன்னுமில்ல."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அந்த எடத்துக்கு எனக்கு எறங்கவே வரல அம்மா."

"வராது."

"ஏன் வராது? அவங்கெல்லாம் பாடுனாங்க. அப்பா கூடப் பாடுனாரு. எனக்கு மட்டும் ஏன் வரல?" குரல் தழுதழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். நான் அவள் பின்னால் நின்று பாடிய நாட்களில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"நாளைக்கும் அந்தப் பாட்ட நீங்களே பாடுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல், வெடுக்கென்று.

"பாடுறேன்" என்றேன். வேண்டாம், நீயே பாடு என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை.